கடைசி வண்டிக்கு யார் பொறுப்பு?

ஒரு டிராக்டருக்குப் பின்னால் எத்தனை டிரெய்லர் கட்டலாம்?

இது ஒரு நாவலாசிரியன் கேட்கிற கேள்வியா என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கக் கூடும். "காதலைப் பற்றி எழுதுங்கள், குடும்பத்தைப் பற்றி எழுதுங்கள், கரும்பு வண்டியைக் கவனிக்கத் தான் போக்குவரத்து அலுவலகம் இருக்கிறதே!" என்று சொல்லவும் கூடும். இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் நான் எழுதுகிற குடும்பங்களில், வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் இரவு ஷிப்டு முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிற ஒரு மகன் இருக்கிறான். வாசல் விளக்கை அணைக்காமல் காத்திருக்கிற ஒரு தாய் இருக்கிறாள். அவன் திரும்பி வருகிற சாலையில் தான் இந்த டிரெய்லரும் போகிறது. அவன் வீடு வந்து சேர்ந்தால் அல்லவா எனக்குக் காதலும் குடும்பமும்?

ஆகவே கேள்வியை மறுபடியும் கேட்கிறேன். எத்தனை டிரெய்லர் கட்டலாம்?

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளியில் சாதாரண நாட்களில் இதற்கு விடை, ஒன்று. செங்கல், எரு, வைக்கோல், தேங்காய் மட்டை எதுவானாலும் ஒரு டிராக்டர், ஒரு டிரெய்லர். கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. முதல் டிரெய்லரின் வாலில் ஒரு கொக்கி. அந்தக் கொக்கியில் இன்னொரு டிரெய்லர். ஜோடி டிரெய்லர் என்று இதற்குப் பெயர். இது நம் ஊருக்கு மட்டும் உரிய விசேஷமல்ல. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர், சாங்லி பக்கங்களிலும், கர்நாடகத்தில் பெல்காம் பக்கத்திலும் கரும்புக் காலத்தில் ஆலைக்குப் போகிற சாலைகளில் இது தினசரிக் காட்சி. நம் தமிழ்நாட்டிலும் ஆலை இருக்கிற இடமெல்லாம் இதைப் பார்க்கலாம்.

ஏன் கட்டுகிறார்கள்? ஆசையினால் மட்டும் என்று சொல்லிவிட்டால் அது நியாயமாகாது. வெட்டிய கரும்பு நிலக்கோட்டை மல்லிகையைப் போன்றது, காத்திருக்காது. மணி ஏற ஏற எடை இறங்கும், சாற்றில் சர்க்கரை இறங்கும். அன்றைக்கு வெட்டியதை அன்றைக்கே ஆலை வாசலில் கொண்டு போய் நிறுத்தியாக வேண்டும். ஆலையோ பக்கத்தில் இல்லை. அலங்காநல்லூரில் இருந்த கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் 2019இல் அரைவை நின்றது. அதன் பிறகு வருஷக் கணக்கில் அந்தப் புகைபோக்கியில் புகையைக் காணோம். அதை நம்பியிருந்த கரும்பெல்லாம் மேலும் தூரம் போக வேண்டியதாயிற்று. தூரம் கூடினால் டீசல் கூடும். டீசல் கூடினால், ஒரே ஓட்டத்தில் இரண்டு சுமையை இழுத்தால் என்ன என்ற யோசனை யாருக்கும் வரத்தான் செய்யும். யோசனை வந்ததில் எனக்குச் சண்டை இல்லை. அந்த யோசனையின் லாபம் ஓரிடத்திலும் அதன் ஆபத்து வேறோரிடத்திலும் போய்ச் சேருகிறதே, அதில் தான் என் சண்டை.

முதலில் ஆபத்து என்னவென்று பார்த்துவிடுவோம். இதற்குப் பெரிய என்ஜினீயர் படிப்பு வேண்டியதில்லை.

டிராக்டர் இழுப்பதற்குப் பிறந்தது, நிறுத்துவதற்குப் பிறந்ததல்ல. நம் வயல்களில் ஓடுகிற நாற்பத்தைந்து, ஐம்பது குதிரைசக்தி டிராக்டரின் எடை சுமார் 2 டன். பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் பின் சக்கரங்களில் மட்டுமே உண்டு. அதிலும் இடது சக்கரத்துக்கு ஒரு மிதி, வலது சக்கரத்துக்கு ஒரு மிதி. உழும்போது வரப்போரத்தில் சட்டென்று திரும்புவதற்காக இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சாலைக்கு வந்ததும் இரண்டு மிதிகளையும் கொண்டி போட்டு இணைத்துவிட வேண்டும். இணைக்க மறந்து ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி நிற்காது, திரும்பும். இப்படிப்பட்ட ஒரு வாகனத்தின் பின்னால் அதன் எடையைப் போல் சில மடங்கு கரும்பு. அதன் பின்னால் மறுபடியும் அவ்வளவு கரும்பு. டிரெய்லர்களில் மிகப் பலவற்றுக்குப் பிரேக் என்பதே கிடையாது. நிற்க வேண்டும் என்று டிராக்டர் தீர்மானித்தால் போதுமா? பின்னால் வருகிற கரும்பும் அல்லவா தீர்மானிக்க வேண்டும்? அது தீர்மானிக்காத போது முதல் டிரெய்லர் டிராக்டரைத் தள்ளுகிறது. இரண்டாவது டிரெய்லர் முதலாவதைத் தள்ளுகிறது. கொக்கி இருக்கிற இடத்தில் மூன்றும் கத்தரிக்கோல் போல் மடங்குகின்றன. நாற்கரச் சாலை போட்ட பிறகு நம் சமவெளியில் கூட ஏற்ற இறக்கம் வந்துவிட்டது. ஊருக்கு ஊர் மேம்பாலம். மேம்பாலத்தில் ஏறும்போது டிராக்டரின் முன் சக்கரம் தரையை விட்டுத் தூக்கப் பார்க்கும். இறங்கும்போது பின்னாலிருக்கும் பாரம் எல்லாம் ஒரே மூச்சில் முதுகில் வந்து சாயும்.

இன்னொன்று, வால் வீச்சு. குழந்தைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் போகிற பையன் கொஞ்சம் ஒதுங்கி வளைந்தால் போதும். நடுவிலிருப்பவன் இன்னும் அதிகமாக வளைவான். கடைசிக் குழந்தை தூக்கி எறியப்பட்டு முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழும். ஜோடி டிரெய்லரிலும் விதி இதுவே. எதிரே நாய் குறுக்கிட்டதென்று டிரைவர் ஒரு முழம் ஒடித்தால், கடைசி டிரெய்லர் ஒரு முழத்தோடு நிற்பதில்லை. வளைவிலோ நேர்மாறு: முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். டிரெய்லர் கூடக் கூட வெட்டும் கூடும். நாகல் நகர் மாதிரி நெருக்கமான இடத்தில் திருப்பத்தின் உள்பக்கம் தள்ளுவண்டியோடு நிற்கிறவருக்கு, டிராக்டர் தாண்டிப் போய்விட்டதே என்று நிம்மதியாக மூச்சு விட நேரமில்லை. அவரை நோக்கி வருவது இனிமேல் தான் வருகிறது.

"மெதுவாகத் தானே சார் போகிறது? மெதுவாகப் போகிற வண்டியால் என்ன ஆபத்து?" என்று கேட்கிறார்கள். இருட்டில் மெதுவாகப் போவது தான் ஆபத்து. டிராக்டர் மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறது என்று வையுங்கள். பின்னால் 80 கிலோமீட்டரில் ஒரு கார் வருகிறது. வித்தியாசம் 60, அதாவது ஒவ்வொரு விநாடியும் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கரைகிறது. தாழ்த்திப் போட்ட விளக்கொளியில் 50 மீட்டரில் தான் கரும்புக் கட்டு கண்ணில் படுகிறது என்றால், கார்க்காரருக்குக் கிடைப்பது மூன்று விநாடி. அதில் ஒரு விநாடி, 'இது என்ன?' என்று திகைப்பதிலேயே போய்விடும். சிவப்பு விளக்கு ஒன்று இருந்திருந்தால் அரைக் கிலோமீட்டருக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும்.

விளக்கு இல்லையா என்றால், டிராக்டரில் இருக்கிறது. முதல் டிரெய்லர் அதை மறைத்துவிடுகிறது. முதல் டிரெய்லரில் இருந்தால் இரண்டாவது டிரெய்லர் அதை மறைத்துவிடுகிறது. இரண்டாவதில் ஒளிரும் சிவப்பு ஒட்டி ஒன்று இருக்கலாம். ஒவ்வொரு கரும்புக் காலத்திலும் போலீசார் சாலையோரம் நின்று ஒட்டிவிடுகிறார்கள்; புகைப்படமும் பத்திரிகையில் வருகிறது. நல்ல காரியம். ஆனால் கரும்பை டிரெய்லரின் நீளத்துக்கு நறுக்கி யாரும் ஏற்றுவதில்லையே! பின்பக்கம் தோகையும் கழியுமாகத் தொங்கி, அந்த ஒட்டியின் மேல் முக்காடு போட்டுவிடுகிறது.

நம் பாட்டன்மார் இந்த விஷயத்தில் நம்மைவிட யோக்கியமாக இருந்தார்கள். திண்டுக்கல் சந்தைக்கு ராத்திரியெல்லாம் வரிசையாக மாட்டு வண்டிகள் வந்த காலம் ஒன்று உண்டு. முதல் வண்டிக்காரன் விழித்திருப்பான். மற்றவர்கள் மூட்டை மேல் தூங்குவார்கள். ஆனாலும் ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக ஒரு ஜோடி மாடு இருந்தது. மாட்டுக்குக் கண் இருந்தது, உயிர் மேல் ஆசை இருந்தது. ஒவ்வொரு வண்டியின் அடியிலும் ஒரு லாந்தர் ஆடிக்கொண்டிருந்தது. லாந்தர் இல்லாத வண்டிக்காரனைப் போலீஸ்காரர் பிடித்து அபராதம் போட்ட கதைகளைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கலாம். வண்டி பத்து என்றால் புத்தியும் பத்து, விளக்கும் பத்து. இன்றைய ஜோடி டிரெய்லரில் வண்டி மூன்று, புத்தி ஒன்று, விளக்கு ஒன்று, அதுவும் முன்னால்.

ரயிலைப் பாருங்கள். திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு 1875இல் ரயில் வந்தது. அன்று முதல் இன்று வரை ரயில்காரர்கள் கைவிடாத ஒரு மரியாதை, கடைசி வண்டிக்குச் செய்கிற மரியாதை. கடைசிப் பெட்டியில் பெரிய பெருக்கல் குறி. இரவில் சிவப்பு விளக்கு. அது வெறும் அலங்காரமல்ல. ஸ்டேஷனைத் தாண்டும்போது அந்த அடையாளம் தெரிந்தால் தான் ரயில் முழுசாகப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். தெரியாவிட்டால் வழியில் எங்கோ பெட்டி கழன்று நிற்கிறது என்று அர்த்தம்.

இந்த மரியாதையோடு இன்னொரு பாடத்தையும் ரயில் உலகம் கற்றது; அதை இலவசமாகக் கற்கவில்லை. 1889ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி, அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊரிலிருந்து ஒரு உல்லாசப் பயண ரயில் புறப்பட்டது. நிறையக் குழந்தைகள். ஏற்றத்தில் என்ஜினால் இழுக்க முடியவில்லை. பாதிப் பாதியாக மேலே கொண்டு போகலாம் என்று ரயிலை இரண்டாகப் பிரித்தார்கள். பின் பகுதிக்குத் தானாகப் பிடிக்கிற பிரேக் கிடையாது. அது மெல்ல நகர்ந்து, பின்னோக்கி உருண்டு, வேகம் பிடித்து, பின்னால் வந்துகொண்டிருந்த அடுத்த ரயிலில் போய் மோதியது. சுமார் 80 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் இயற்றியது: பயணி ரயிலில் எல்லாப் பெட்டிக்கும் தொடர்ச்சியான பிரேக் இருக்க வேண்டும், இணைப்பு அறுந்தால் அது தானாகவே பிடித்துக்கொள்ள வேண்டும்.

'கழன்றால் தானாக நிற்க வேண்டும்.' இந்த ஒரு வரியை உலகம் 1889இல் எழுதிக்கொண்டது. நம் கரும்பு டிரெய்லரின் கொக்கி ஆணி கழன்றால் என்ன ஆகும்? அது தானாக நிற்காது. எதிலாவது மோதினால் நிற்கும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதுவும் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 61ஆவது பிரிவைத் தயவு செய்து படித்துப் பாருங்கள். டிரெய்லருக்கும் பதிவு உண்டு என்கிறது. அதன் எண் அதன் மேல் இருக்க வேண்டும் என்கிறது. அத்தோடு விடவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட டிரெய்லர்கள் தொடராகப் போனால், இழுக்கிற வண்டியின் பதிவு எண் *கடைசி* டிரெய்லரில் தெரியவேண்டும் என்கிறது. கடைசி வண்டியை அநாதையாக விடக் கூடாது என்ற எண்ணம் சட்டம் எழுதியவர்களுக்கு இருந்திருக்கிறது. அடித்துவிட்டுப் போன வண்டி எது என்று, விழுந்து கிடக்கிறவன் கடைசியாகப் பார்ப்பது கடைசி வண்டியைத் தானே? அங்கே எண் இல்லாவிட்டால் அவன் யாரைப் போய்க் கேட்பான்?

அதே சட்டத்தின் 113ஆவது பிரிவு பாரத்தைப் பற்றியது. அளவுக்கு மீறிய பாரத்தோடு வண்டி ஓட்டியவர் சொந்தக்காரர் அல்ல என்றால், சொந்தக்காரருக்குத் தெரிந்தே, அவர் உத்தரவின் பேரிலேயே அது நடந்தது என்று கோர்ட்டு கருதிக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட 194ஆவது பிரிவோ, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. ஓட்டுகிறவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்கிறவரையும் ஓட்ட அனுமதிக்கிறவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் சாலையில் நடப்பதென்ன? பிடிபடுகிறவர் டிரைவர். கை கட்டி நிற்பவர் டிரைவர். விபத்து நடந்தால் ஜனங்களிடம் அடிபடுகிறவரும் டிரைவர். ஓட்டச் செய்தவர் எங்கே? அவர் வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

செம்பட்டியில் ஒரு டீக்கடையில் இப்படிப்பட்ட டிரைவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வயது இருக்கும். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று கண்ணே சொல்லிற்று. "ஜோடி கட்டிக்கிட்டு ஓட்டறது பயமா இல்லையா தம்பி?" என்று கேட்டேன்.

"பின்னாடி ஒண்ணு வருதுங்கறதை மறந்தாத் தான் சார் ஓட்ட முடியும்" என்றார்.

"வேண்டாம், ஒண்ணு போதும்னு சொல்றது தானே?"

"சொல்லலாம் சார். நாளைக்கு வேற ஆள் ஓட்டுவான்."

இந்த இளைஞரைத் தான் நாம் காருக்குள் உட்கார்ந்துகொண்டு, "டிராக்டர்க்காரனுக்கு அறிவே கிடையாது" என்று திட்டுகிறோம். அறிவு இருப்பதனால் தான் அவர் மறக்கப் பார்க்கிறார். நடைக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்று கூலியை நிர்ணயித்துவிட்டு, 'ஜாக்கிரதையாக ஓட்டு' என்று உபதேசம் செய்வது எந்த ஊர் நியாயம்? ஜாக்கிரதைக்குக் கூலி இல்லை. அவசரத்துக்குக் கூலி உண்டு. மனிதன் எதைச் செய்வான்?

இனி, நான் எப்போது இந்தப் பேச்சை எடுத்தாலும் எழுகிற ஒரு கூக்குரலுக்கு வருகிறேன். "ஏழை விவசாயியின் வயிற்றில் அடிக்காதீர்கள்!"

விவசாயியின் பெயரைச் சொன்னால் நம் வாய் அடைத்துப்போகும் என்று இவர்களுக்குத் தெரியும். நான் கேட்கிறேன்: கரும்புக்கு டன்னுக்கு இவ்வளவு என்று ஆதார விலையை நிர்ணயிப்பது மத்திய சர்க்கார். கரும்பு ஒற்றை டிரெய்லரில் வந்தாலும் ஜோடி டிரெய்லரில் வந்தாலும் அந்த விலை ஒரு காசு கூடப் போவதில்லை. இரண்டாவது டிரெய்லரைக் கட்டுவதால் மிச்சமாவது ஒரு டிராக்டர், ஒரு டிரைவரின் கூலி, கொஞ்சம் டீசல். இந்த மிச்சத்தில் பெரும் பங்கு யார் பைக்குப் போகிறது? வண்டி வாடகையில் விவசாயிக்கும் நாலு காசு மிஞ்சலாம். மிஞ்சட்டும், எனக்குச் சந்தோஷமே. ஆனால் இருட்டில் டிரெய்லரில் மோதிச் சாகிறவன் யார்? அமெரிக்காவிலிருந்து வந்தவனா? அந்த விவசாயியின் மகன் தான். அந்தக் கரும்பை வெட்டிவிட்டு, சுமையின் மேலேயே ஏறி உட்கார்ந்து ஊர் திரும்புகிற கூலிப் பெண்கள் யார்? அவர்களும் ஏழைகள் தான். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். எல்லாம் டிரெய்லரால் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவர்களில் எத்தனை பேர் இரு சக்கர வாகனத்தில் வந்தவர்கள், எத்தனை பேர் நடந்து வந்தவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஏழையின் பெயரைச் சொல்லி ஏழையைச் சாகடிப்பதற்கு நாம் கொடுத்திருக்கிற கௌரவமான பெயர் விவசாயி நலன்!

அமெரிக்காவைக் குறிப்பிட்டேன். அங்கேயும் ஜோடி டிரெய்லர் உண்டு. விடுமுறை வந்தால் ஒரு குடும்பம் தன் பிக்கப் வண்டியின் பின்னால் ஒரு கூடார வீட்டைக் கட்டி, அதன் பின்னால் ஒரு படகையும் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் புறப்பட்டுவிடும். நம்மவர் பிழைப்புக்குச் செய்வதை அவர்கள் பொழுதுபோக்குக்குச் செய்கிறார்கள். ஆனால் எல்லா மாநிலங்களும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. பல மாநிலங்களில் ஒரு பிக்கப்புக்கு ஒரு டிரெய்லர் தான், இரண்டாவது கூடாது. அனுமதிக்கிற மாநிலங்களில் மொத்த நீளத்துக்கு வரம்பு உண்டு. சில இடங்களில் தனி உரிமம் வேண்டும். எடை கூடின டிரெய்லருக்குச் சொந்தப் பிரேக் இருக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் அந்தப் பிரேக்கைத் தானே பிடிக்க வைக்க டிரெய்லரிலேயே ஒரு பாட்டரி இருக்கும். ஆஸ்திரேலியாவின் பாலைவனச் சாலைகளில் மூன்று டிரெய்லர்களைக் கட்டி இழுக்கிறார்கள், 53.5 மீட்டர் நீளம் வரை போகலாம். அதற்கென்று தனியாகத் தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர் தான் ஓட்டலாம். ஒவ்வொரு டிரெய்லருக்கும் காற்றுப் பிரேக் உண்டு. ஆகவே இரண்டு டிரெய்லரை இழுப்பது பாவமென்று நான் சாஸ்திரம் பேசவில்லை. பிரேக்கும் விளக்கும் எண்ணும் இல்லாத ஒன்றைப் பொதுச் சாலையில் இழுத்துக்கொண்டு போவது பாவம் என்கிறேன்.

"அதெல்லாம் பணக்கார தேசத்துச் சமாசாரம், இங்கே யார் அமல்படுத்துவது? சாலை முழுவதும் போலீஸ்காரரை நிறுத்த முடியுமா?" என்று ஒரு பெரிய மனிதர் என்னிடம் கேட்டார். நிறுத்த வேண்டியதில்லை. ஒரே ஓர் இடம் போதும்.

அந்த இடம் ஆலையின் எடை மேடை.

எல்லா ஜோடி டிரெய்லரும் கடைசியில் வந்து சேருகிற இடம் அது. டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, டிரெய்லர் ஒவ்வொன்றாக மேடையில் ஏறுகிறது. முதல் டிரெய்லருக்கு ஒரு எடை, இரண்டாவதற்கு ஒரு எடை. கிலோ பிசகாமல் சீட்டு எழுதுகிறார்கள். கரும்பை நிறுக்கும்போது இரண்டாவது டிரெய்லர் இருக்கிறது. அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், கணக்கு இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. சாலைக்கு வந்துவிட்டால் மட்டும் அது யாருடையதும் இல்லை! விபத்து நடந்த பிறகு கேளுங்கள். ஆலை, "எங்கள் வண்டியல்ல, ஒப்பந்தக்காரருடையது" என்கும். ஒப்பந்தக்காரர், "டிராக்டர் என்னுடையது, டிரெய்லர் வாடகைக்கு எடுத்தது" என்பார். இன்ஷூரன்ஸ் கம்பெனியோ, "டிராக்டருக்குத் தான் பாலிசி, டிரெய்லருக்கு இல்லை" என்று கோர்ட்டில் வாதாடும். புருஷனை இழந்தவள் கோர்ட்டு வாசலில் வருஷக் கணக்கில் நிற்பாள்.

ஆகவே என் கட்சி இது. கடைசி டிரெய்லரில் எரிகிற சிவப்பு விளக்கும் படிக்கக் கூடிய எண்ணும் இல்லாத வண்டிக்கு எடை மேடையில் இடமில்லை என்று ஆலை சொல்லட்டும். ஜோடியாக வருகிற டிரெய்லருக்குச் சொந்தப் பிரேக்கும், கொக்கிக்குத் துணையாக ஒரு சங்கிலியும் வேண்டும் என்று சொல்லட்டும். இல்லாவிட்டால் ஒற்றை டிரெய்லரில் கொண்டு வா என்று சொல்லட்டும். சுமை மேல் ஆள் உட்கார்ந்து வந்தால் அந்த நடைக்கு வாடகை இல்லை என்று சொல்லட்டும். டிரைவருக்குக் கூலியை நாளுக்கு இவ்வளவு என்று வைக்கட்டும். கரும்பில் ஒரு விழுக்காடு தோகை அதிகமாக இருந்தால் கண்டுபிடித்துக் கழிவு போடத் தெரிந்தவர்களுக்கு, விளக்கு எரியவில்லை என்பது தெரியாமலா போகும்? ஒரு கரும்புக் காலம் மட்டும் இதைச் செய்து பார்க்கட்டும். விளக்குக் கடைகளில் கூட்டம் தாங்காது.

இதற்கு ஆகிற செலவைக் கரும்புக்காரர் தலையிலோ டிரைவர் தலையிலோ கட்டக் கூடாது. இரண்டாவது டிரெய்லரின் மிச்சத்தை அனுபவிக்கிறவர் எவரோ அவரே கொடுக்கட்டும். லாபம் யாருக்கோ விளக்கும் அவரே வைக்க வேண்டும் என்பது ஒன்றும் புதுமையான தத்துவமல்ல. கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவன் தெருவில் வருகிறவனுக்குக் கால் தடுக்காமல் கயிற்றைக் கட்டுகிறான் அல்லவா, அவ்வளவு தான்.

வாசக நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் ஆலை முதலாளிகள் அல்ல; எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் குடிக்கிற காபியில் சர்க்கரை இருக்கிறது. அது எந்தச் சாலை வழியாக, எந்த இருட்டில் வந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்த தடவை இரவுப் பயணத்தில் ஒரு ஜோடி டிரெய்லரின் பின்னால் மாட்டிக்கொண்டால், ஹாரனை அழுத்தி அந்த டிரைவரைத் திட்டாதீர்கள். பாதுகாப்பான தூரத்தில் இருந்து, கடைசி டிரெய்லரில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், எந்த ஊர், எந்த நாள், எத்தனை மணி, எந்த ஆலையை நோக்கிப் போகிற சாலை என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஒரு கடிதம் எழுதி மாவட்ட ஆட்சியருக்கு ஒன்றும், அந்த ஆலை நிர்வாகிக்கு ஒன்றுமாகப் போடுங்கள். கடைசி வண்டிக்கு யார் பொறுப்பு என்று மட்டும் கேளுங்கள். பதில் வருகிற வரையில் கேளுங்கள்.